எத்தனை நாளானாலும்

எனக்கு இங்கிலீஷ் தெரியும். என் வாழ்க்கையில் நடந்த நல்லதுக்கும் கெட்டதுக்கும் பாதிக் காரணம் அதுதான். நாசரேத் மிஷன் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தேன். தோணியில் ஏறுகிற மூட்டையையும் இறங்குகிற மூட்டையையும் எண்ணிக் கோடு போடுகிற வேலை. பொன்னுதுரை என்ற பெயர் எனக்கே மறந்துபோகும் அளவுக்குத் தோணிக்காரர்கள் என்னை 'ரைட்டரய்யா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டம் எனக்குத் தலைக்கேறிவிட்டது என்று என் மனைவி கிருபை சொல்வாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

1972 மே கடைசியில் 'கோமதி ஸ்டார்' என்றொரு கப்பல் கல்கத்தாவுக்கு உப்பு ஏற்ற வந்தது. புதுத் துறைமுகம் அப்போது கட்டி முடியவில்லை. கப்பல்கள் கரைக்கு ஐந்து மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கு தோணியில் போகும். பாதி உப்பு ஏறியிருந்தபோது, கப்பல் முதலாளிக்குக் கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். வழக்குத் தீரும்வரை கப்பல் நகரக்கூடாது. மாலுமிகள் மூட்டை முடிச்சோடு கரையேறிவிட்டார்கள். கப்பலில் ஒரு காவல்காரன் எந்நேரமும் இருக்க வேண்டும், பொழுது சாய்ந்ததும் விளக்கேற்ற வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. அந்த ஆளைத் தேடும் பொறுப்பு கப்பல் ஏஜெண்டு காசிலிங்கம் அண்ணாச்சியின் தலையில் விழுந்தது. அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"தெனம் அஞ்சு ரூவா தாரேன் வே. இருக்கீரா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. போன வருஷமும் இப்படித்தான் ஒரு கப்பலுக்குத் தினக்கூலியில் காவல் போனேன். பாயும் பானையும் கொண்டு ஏறி இரண்டு இரவுதான் தூங்கியிருப்பேன், வழக்கு சமாதானமாகி மூன்றாம் நாள் கப்பல் கிளம்பிவிட்டது. பதினைந்து ரூபாயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த அவமானம் என் நெஞ்சில் இன்னும் ஆறியிருக்கவில்லை.

"தெனக்கூலி சோலி வேண்டாம் அண்ணாச்சி. மொத்தமாப் பேசுங்க. கப்பல் போற வரைக்கும் நானூறு ரூவா."

அவர் முகத்தைத் தொங்கப்போட்டார். "எண்ணி பதினஞ்சு நாளு நிக்கும், மிஞ்சிப்போனா இருவது. அதுக்கு நானூறு ரூவாயா வே?" என்று அரைமணி நேரம் புலம்பிவிட்டுச் சரி என்றார். அவர் மனம் மாறுவதற்குள் நானே அவருடைய டைப்ரைட்டரில் உட்கார்ந்து ஒப்பந்தத்தை இங்கிலீஷில் அடித்தேன். மொத்தக் கூலி நானூறு ரூபாய். கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் அன்று முழுத் தொகையும் கொடுக்கப்படும். கிளம்ப எத்தனை நாளானாலும் தொகை கூடாது, குறையாது. அந்தக் கடைசி வரி என் சொந்தச் சரக்கு. கப்பல் மூன்றாம் நாளே போய்விட்டால் அண்ணாச்சி காசைக் குறைத்துவிடக்கூடாதே என்பதற்காகப் போட்டேன். அவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். கப்பல் கிளம்புவதற்கு முன்னால் காவல்காரன் எக்காரணம் கொண்டு இறங்கினாலும் ஒரு பைசா கேட்க உரிமையில்லை. சரி, போட்டுக்கொள்ளட்டும் என்று அதையும் அடித்தேன். பதினைந்து நாளில் நான் எங்கே இறங்கப் போகிறேன்?

அன்று நான் தரையில் நடக்கவில்லை. என் மகள் தேவகனிக்குச் சாத்தான்குளத்து வாத்தியார் ஒருவரைப் பேசி முடித்திருந்தோம். செப்டம்பர் நாலாம் தேதி, திங்கட்கிழமை, நாசரேத் கோயிலில் கல்யாணம். நானூறு ரூபாயை நம்பி ஜவுளிக்கடையில் பட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

கெட்டிக்காரத்தனம் அதோடு நிற்கவில்லை. கப்பலில் இருக்கிறவனுக்குத் தண்ணீரும் அரிசியும் யார் கொண்டுவருவது? கடற்கரையில் சிலுவை என்ற வள்ளக்காரனைப் பிடித்தேன். முப்பது வயது, வள்ளத்துக்குப் புதுப் பாய் வாங்கப் பணமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தான். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு நடை, கப்பல் போகிறவரை, மொத்தம் அறுபது ரூபாய், பாதி முன்பணம். அதையும் தமிழில் எழுதினேன். 'எத்தனை நாளானாலும்' என்ற வரியை மறக்கவில்லை. அவன் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நான் கேட்காமலே மாதா கோயில் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுச் சத்தியமும் செய்தான். பாவம், வெள்ளை மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். ஜூன் மூன்றாம் தேதி கப்பலில் ஏறினேன்.

பதினைந்து நாள் சுகமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கேப்டன் அறையில் படுத்தேன். விளக்கேற்றினேன், பைபிள் வாசித்தேன், தினக்கூலிக்கு உழைக்கிற உலகத்தை நினைத்துப் பரிதாபப்பட்டேன். இருபதாம் நாள் தாண்டியதும் காலையில் எழுந்து கரையைப் பார்க்கத் தொடங்கினேன். முப்பதாம் நாள் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கச்சான் காற்று ஓயாமல் அடித்தது. கரையிலிருந்து வருகிற அந்த மேல்காற்றில் புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டுகிற புழுதி மட்டும் மங்கலாகத் தெரியும். கப்பலின் அடியில் உப்பு ஈரம் குடித்துப் பாறையாக இறுகிவிட்டது. எலிகள் என் பாயில் என்னோடு படுத்தன. நங்கூரச் சங்கிலியைச் சுற்றிக் கப்பல் மெதுவாகத் திரும்பும், மறுபடி திரும்பும், அவ்வளவுதான் அதன் பயணம். நான் கெட்ட வார்த்தை பேசாதவன். அந்தக் கப்பலில்தான் பேசப் பழகினேன், அதுவும் இங்கிலீஷில்.

ஜூலை நடுவில் ஒரு நாள் காசிலிங்கம் அண்ணாச்சி லாஞ்சில் வந்தார். ஏணியில் ஏறி அவர் மூச்சு வாங்குவதற்குள் நான் ஆரம்பித்தேன்.

"ஒண்ணரை மாசமாச்சு அண்ணாச்சி. இது என்ன நாயம்? தெனக்கூலியா மாத்துங்க."

அவர் பைக்குள்ளிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். "வாசியும் வே."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்லா, வாசியும். நீரு அடிச்சதுதான?"

காற்றில் தாள் படபடக்க, நடுக்கடலில் நின்று என் இங்கிலீஷை நானே வாசித்தேன். உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

"எத்தன நாளானாலும்னு எழுதியிருக்கா இல்லையா? எழுதுனது எழுதுனதுதான்" என்றார். "அப்போ என் மக கலியாணத்துக்கு ஒரு நாளு மட்டும் வேற ஆளப் போடுங்க" என்று கெஞ்சினேன். "கோர்ட்டுக்கு ஒம்ம பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேன். கோர்ட்டு ஆளு எந்நேரமும் வந்து பாப்பான். வேற ஆளுக்கு யாரு குடுக்க?" என்றார். "எனக்கு மட்டும் என்ன..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். அவரைக் கழுத்தைப் பிடித்துக் கடலில் தள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

அப்புறம்தான் இந்த மொத்தக் கூலியின் சூட்சுமம் எனக்குப் புரிந்தது. தினக்கூலிக்காரன் சாயங்காலம் ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேண்டாம் என்று போய்விடலாம். அன்றன்றைக்கு உழைத்தது அன்றன்றைக்கு அவனுடையது. நான் தொகையைக் கெட்டியாக எழுதினேன், வேலையை எழுதவில்லை. வேலை எப்போது முடியும் என்பதை எவனோ கோர்ட்டில் முடிவு பண்ணுகிறான். பத்து நாள் இருந்தவன் இறங்கினால் பத்து நாள் நஷ்டம். ஐம்பது நாள் இருந்தவன் இறங்கினால் ஐம்பது நாள் நஷ்டம். நாள் போகப்போக அந்த நானூறு ரூபாய் சல்லிக்காசாகத் தேய்கிறது, ஆனால் இறங்கத்தான் முடியவில்லை.

சிலுவை மட்டும் முறை தவறாமல் வந்தான். மாதா திருவிழாவுக்கு முந்தின நாள் ஊரே கோயிலில் கிடந்தபோதும் தண்ணீர் டின்னோடு வந்தான். வந்து போக அவனுக்குப் பகலில் பாதி போய்விடும். அதைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆகஸ்டு இருபத்திரண்டாம் தேதி அவனோடு கிருபை வந்தாள். கடலில் காலே வைக்காதவள். வழியெல்லாம் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தது. கயிற்றேணியில் ஏறமாட்டேன் என்று வள்ளத்திலேயே நின்றுகொண்டாள். நான் மேலிருந்து எட்டிப் பார்த்தேன். குடும்ப விஷயத்தை இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வார ஞாயித்துக்கெழம மூணாவது. நீங்க இறங்கி வாங்க" என்றாள். எங்கள் கோயிலில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மூன்று ஓலைக்கும் நான் கோயிலில் இல்லை.

"எம்பத்தொரு நாளு இருந்துட்டேன் கிருபை. இப்ப இறங்குனா அவ்வளவும் சும்மா."

"நாளைக்கு எம்பத்திரண்டு ஆயிரும். நாளைக்கு மட்டும் இறங்குறது லேசா இருக்குமா?"

அவளே மறுபடி கத்தினாள்.

"ஒங்க ரூவாய்க்காக அந்தப் பிள்ள காத்துக் கெடக்கல. அப்பா கையப் புடிச்சிக்கிட்டுதான் கோயிலுக்குள்ள நடப்பேங்கா. சித்தப்பா நடத்திட்டு வரட்டுமேன்னு சொன்னேன். வேண்டாம், அப்பா வரலைன்னா நான் தனியா நடக்கேன்னு சொல்லுதா. இதக் கேட்டப் பொறவும் ஒங்களுக்கு இந்த இரும்புப் பெட்டிதான் பெருசுன்னா இருங்க."

வள்ளம் திரும்பியது. அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம், இருபத்தெட்டாம் தேதி, சாமானை எல்லாம் ஏற்றிக் கொடுத்த பிறகும் சிலுவை போகாமல் நின்றான்.

"ரைட்டரய்யா, ஒரு விசயம். எங்க ஆளுவ நாளைக்கு வேம்பாருக்குப் போறாவ. அங்கன மீன்பாடு நல்லா இருக்காம். ரெண்டு மாசம் தங்கித் தொழில் செய்வாவ. நானும் போனாத்தான் எம் பொழப்பு ஓடும்."

"அப்போ எனக்குத் தண்ணி?"

"வேற ஆளு ஏற்பாடு பண்ணித் தாரேன். நடைக்கு ரெண்டு ரூவா கேக்கான். எனக்கு வர வேண்டிய மிச்சம் முப்பதையும் அவனுக்கே குடுத்துருங்க. அந்தக் காயிதத்த மட்டும் கிழிச்சிப் போட்டுருங்க."

"முப்பது ரூவா எத்தன நடைக்குலே காணும்? மேக்கொண்டு யாரு குடுப்பா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்தேன். "எத்தன நாளானாலும்னு எழுதியிருக்கா இல்லையா? வாசிக்கட்டுமா? வாசிச்சுக் காட்டித்தான்லே கையெழுத்து வாங்குனேன். எழுதுனது எழுதுனதுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. காசிலிங்கம் அண்ணாச்சியின் வார்த்தை, அவருடைய ராகம்கூட. சிலுவை தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கய்யா" என்றான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

முப்பதாம் தேதி அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். அவன் ஆட்கள் வேம்பாருக்குப் போய்விட்டார்கள், அவன் மட்டும் தண்ணீர் டின்னோடு என்னிடம் வந்தான். செப்டம்பர் ஒன்றாம் தேதியும் வந்தான். அந்த இரண்டு இரவும் எனக்குத் தூக்கம் இல்லை. என்னை ஒருவர் கட்டிப்போட்டார் என்று மூன்று மாதமாகக் கடலைப் பார்த்துத் திட்டினேன். அதே கயிற்றால் நான் ஒருவனைக் கட்டிப்போட்டிருந்தேன், அதுவும் முப்பது ரூபாய்க்கு. வெட்கமாக இருந்தது.

மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் அவன் வந்ததும், முதல் காரியமாக அந்தக் காகிதத்தை அவன் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்துக் கடலில் போட்டேன். பாக்கி முப்பது ரூபாயையும் கையில் கொடுத்தேன்.

"நீ வேம்பாருக்குப் போ. ஒனக்கும் எனக்கும் ஒரு கணக்கும் இல்ல."

அவன் மிதக்கிற துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணு கேக்கேன். கேக்க எனக்குப் பாத்தியத இல்ல. நாளைக்கு எம் மகளுக்குக் கலியாணம். விடிஞ்சதும் வந்து என்னையக் கரைக்குக் கூட்டிட்டுப் போவியா?"

கிழித்த பிறகுதான் கேட்டேன். கிழிக்காமல் கேட்டிருந்தால் அவனால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாது. அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. துடுப்புப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

விடியுமுன்பே முகம் மழித்து, கோட்டுப் போட்டு, விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி வெட்டி வைத்துவிட்டு ஏணியருகில் நின்றேன். சூரியன் உதித்தது. கடல் வெறுமையாகக் கிடந்தது. அவனை வரவைக்க இப்போது என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. அவன் ஏன் வர வேண்டும்? நான் அவனாக இருந்தால் வந்திருக்க மாட்டேன். வேம்பாருக்கு முதல் பஸ் பிடித்திருப்பேன். வெயில் ஏறியது. என் மகள் தனியாக நடப்பதை நினைத்தேன். கோட்டோடு அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

ஏழு மணி வாக்கில் அவன் வள்ளத்தின் பாய் தெரிந்தது.

"பாப்பாவுக்குக் காச்சலு. மருந்து வாங்கிக் குடுத்துட்டு வாரதுக்கு நேரமாயிட்டு. ஏறுங்க" என்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். எதிர்க்காற்று. பாயை இறக்கிவிட்டு இருவரும் துடுப்புப் போட்டோம். கரையில் கால் வைத்தபோது தரை ஆடியது. பஸ்ஸைப் பிடித்து நான் நாசரேத் போய்ச் சேரவும் கோயிலில் ஆராதனை தொடங்குகிற மூன்றாம் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. வாசலில் தேவகனி முக்காட்டோடு தனியாக நின்றிருந்தாள். என் கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. என் கோட்டில் எலி நாற்றமும் எண்ணெய் நாற்றமும் அடித்திருக்கும், அவள் முகம் சுளிக்கவில்லை. இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று பாதிரி ஐயர் கேட்டபோது, நான்தான் என்று கொஞ்சம் அதிகச் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால் மூன்றாவது வரிசையில் காசிலிங்கம் அண்ணாச்சி. கிருபை மரியாதைக்கு அனுப்பிய அழைப்பிதழை மதித்து வந்திருந்தார்.

ஆராதனை முடிந்ததும் என்னைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். "இன்னைக்கு நான் ஒம்ம எங்கயும் பாக்கல. அஞ்சு மணிக்குள்ள கப்பல்ல ஏறிரும். வெளக்கு எரியணும்" என்றார்.

"என்னைய விட்டுருங்க அண்ணாச்சி. காவல் பாத்த நாளுக்கு உண்டானதக் குடுங்க, போதும்."

அவர் சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை. "எனக்கும் மொத்தம்தான் வே. இந்தக் கப்பல் வந்து போறதுக்கு இவ்வளவுன்னு கல்கத்தாக் கப்பல் மொதலாளிகிட்டப் பேசி முடிச்சேன். எத்தன நாளானாலும்தான். பேசி முடிச்ச அன்னைக்கு நானும் ஒம்மள மாதிரிதான் சிரிச்சேன். மூணு மாசமா லாஞ்சுக்கும் வக்கீலுக்கும் என் கைக்காசு போகுது. ஒம்ம நான் விட்டுருவேன். என்னைய யாரு விடுவா?"

அவருக்குப் பின்னால் பந்தியில் இலை போடுகிற சத்தம் கேட்டது. போகமாட்டேன், உம்ம நானூறு ரூபாயை நீரே வைத்துக்கொள்ளும் என்று அப்போது சொல்லியிருக்கலாம். வந்த காரியம் முடிந்துவிட்டது, மகளை நடத்திக் கொடுத்தாயிற்று. ஆனால் தொண்ணூற்று நாலு நாளைத் தூக்கி எறிய எனக்குத் தைரியம் வரவில்லை. சிலுவையை அவிழ்த்துவிடத் தெரிந்த எனக்கு என்னை அவிழ்த்துக்கொள்ளத் தெரியவில்லை. பந்தியில் உட்காராமல், ஒரு பொட்டலம் சோறும் கறியும் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். கிருபை உள்ளே போய்விட்டாள். தேவகனிதான் மாலையோடு வாசல் வரை வந்தாள்.

"இன்னும் எத்தன நாளுப்பா?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு எண் இல்லை. அவள் தலையில் கை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

சிலுவை கரையில் அதே இடத்தில் இருந்தான். காற்று இப்போது எங்களுக்குச் சாதகம். வள்ளம் தானாகவே ஓடியது. பொட்டலத்தைப் பிரித்து இருவரும் சாப்பிட்டோம். கறி நன்றாக இருக்கிறது என்றான். கப்பல் கிட்டத்தில் வரவர எனக்குச் சோறு இறங்கவில்லை. மிச்சத்தையும் அவனே சாப்பிட்டான்.

ஏணியைப் பிடித்தபடி கேட்டேன். "வேம்பாருக்கு எப்பலே போற?"

"அங்கன இப்பப் போயி என்ன செய்ய? வள்ளமெல்லாம் ஆளு சேத்தாச்சு. இங்கனயேதான் கெடக்கணும்."

என்னால் வந்த வினை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்போ நாளக்கழிச்சு தண்ணி கொண்டு வருவியா?" என்று மட்டும் கேட்டேன்.

"வாரேன். நடைக்கு ரெண்டு ரூவா."

என் கூலி நகராமல் நிற்கிறது, இனி இவனுடைய கூலி நடைக்கு நடை ஏறும். நியாயம்தான். நான் தலையை ஆட்டினேன். பழக்கதோஷம், கை சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"எழுத்தெல்லாம் வேண்டாம் ரைட்டரய்யா. வாரேன்னா வருவேன்."

அவன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான். நான் மேலே ஏறி, பொழுது சாயுமுன் விளக்கை ஏற்றினேன்.